முடக்குவாதம்: மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடக்குவாதத்துக்குப் பல மாதங்களாக மாத்திரை எடுத்து வருபவரிடம் மருத்துவர் ஒரு நாள் “இனி ஊசிக்கு மாறலாம்” என்கிறார். அந்த ஒரு வாக்கியம் எழுப்பும் கேள்விகளுக்கு மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்கள் பெரும்பாலும் போதுவதில்லை. அக்கேள்விகளுக்கான விளக்கங்கள் இங்கே தரப்பட்டுள்ளன. உங்களுக்கான மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவரிடம் தெளிவாகப் பேசுவதற்கு இந்த விளக்கங்கள் உதவும்.

ஊசிக்கு மாறச் சொல்கிறார்கள் என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருளா?

இல்லை. மாத்திரை என்றால் தொடக்க நிலை, ஊசி என்றால் கடைசி நிலை என்ற எண்ணம் பலரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தாலேயே தேவையான மாற்றத்தைத் தள்ளிப்போட்டு, அந்த இடைவெளியில் மூட்டுகளை இழப்பவர்களும் இருக்கிறார்கள். நோயின் கடுமையைக் கூறுபவை வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகள், எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு அரிப்பு ஆகியவையே. மருந்து எந்த வழியாக உடலுக்குள் செல்கிறது என்பதற்கும் நோயின் கடுமைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பல நேரங்களில் நீங்கள் இதுவரை விழுங்கிய அதே மருந்தே, அதே அளவில், ஊசியாகத் தரப்படுகிறது. உங்கள் குடல் அந்த மருந்தைப் போதிய அளவு உறிஞ்சவில்லை என்பதோ வயிறு அதைத் தாங்கவில்லை என்பதோதான் அதற்குக் காரணம்.

மருத்துவர் ‘ஊசி’ என்று சொல்வது எந்த ஊசியை?

முதலில் கேட்டுத் தெளிய வேண்டியது இதைத்தான், ஏனெனில் முடக்குவாத சிகிச்சையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வகை மருந்துகள் இந்த ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. முதலாவது, வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடப்படும் மெத்தோட்ரெக்சேட். இது மாத்திரையாகக் கிடைக்கும் அதே மருந்து. இரண்டாவது, அடாலிமுமாப், எட்டனர்செப்ட், டோசிலிசுமாப் போன்ற உயிரியல் மருந்துகள். இவை அழற்சியைத் தூண்டும் மூலக்கூறையோ செல்லையோ தடுக்கும் புரதங்கள்; முற்றிலும் வேறான வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது, வீங்கிய மூட்டுக்குள்ளேயே போடப்படும் ஸ்டீராய்டு ஊசி. அது அந்த ஒரு மூட்டின் அழற்சியைச் சில வாரங்களோ சில மாதங்களோ தணிக்கும். ஆனால் நோயின் போக்கை மாற்றும் அடிப்படை மருந்துக்கு அது மாற்றாகாது.

வயதில் மூத்தவர்கள் சிலர் தங்க ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். பிரான்சைச் சேர்ந்த ஜாக் ஃபாரஸ்டியே என்ற மருத்துவர் 1929-இல் தங்கச் சேர்மங்களை முடக்குவாதத்துக்குப் பயன்படுத்தியதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அது முக்கியமான சிகிச்சையாக இருந்தது. பின்னாளில் தங்கம் மாத்திரையாகவும் வந்தது. மாத்திரையை உடல் எளிதாகத் தாங்கியது. ஆனால் ஊசி அளவுக்கு அது பலன் தரவில்லை. மெத்தோட்ரெக்சேட் பரவலான பிறகு தங்கத்தின் பயன்பாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஒரே மருந்தை வாய்வழியாகத் தருவதற்கும் ஊசியாகத் தருவதற்கும் அப்படி என்ன வேறுபாடு?

மெத்தோட்ரெக்சேட்டின் வேதி அமைப்பு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை ஒத்தது. ஆகவே உணவில் ஃபோலேட்டாக உள்ள அந்த வைட்டமினைக் குடலிலிருந்து இரத்தத்துக்குக் கடத்திச் செல்லும் புரதங்களே இந்த மருந்தையும் சுமந்து செல்கின்றன. அப்புரதங்களால் ஒரே நேரத்தில் ஓரளவு மருந்தைத்தான் கடத்த முடியும். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு நீங்கள் கூடுதலாக விழுங்கும் மாத்திரையில் பெரும்பகுதி இரத்தத்தைச் சென்றடையாமலே போய்விடுகிறது. வாரத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வரை அளவைக் கூட்டினால் இரத்தத்தில் சேரும் மருந்தும் கூடுகிறது; அதற்கு மேல் மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இரத்தத்தில் சேரும் அளவு பெரிதாக உயர்வதில்லை. தோலுக்கடியில் போடும்போது இந்தத் தடை இல்லை. 15-இலிருந்து 20-க்கும், 20-இலிருந்து 25-க்கும் உயர்த்தும்போது இரத்தத்தில் கிடைக்கும் மருந்தும் அதே விகிதத்தில் உயர்கிறது.

ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாடும் முக்கியமானது. விழுங்கிய மெத்தோட்ரெக்சேட்டில் சிலருக்கு மூன்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. வேறு சிலருக்கோ பெரும்பகுதி சேர்ந்துவிடுகிறது. ஒரே அளவு மாத்திரை எடுக்கும் இருவரில் ஒருவருக்கு வீக்கம் வடிந்து மற்றவருக்கு வடியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். பலன் கிடைக்காதவர் “இந்த மருந்து எனக்கு ஒத்துவரவில்லை” என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் அவருக்கு அந்த மருந்து போதிய அளவில் கிடைக்கவே இல்லை என்பதற்கும் வாய்ப்புண்டு.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. அதில் ஒரு குழுவுக்கு வாரத்துக்கு 15 மில்லிகிராம் மாத்திரையாகவும், இன்னொரு குழுவுக்கு அதே அளவு ஊசியாகவும் தரப்பட்டது. 24 வாரங்களின் முடிவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் மாத்திரைக் குழுவில் 70 விழுக்காடு, ஊசிக் குழுவில் 78 விழுக்காடு. மாத்திரையால் 16 வாரங்களில் பலன் பெறாதவர்களை அதே 15 மில்லிகிராம் ஊசிக்கு மாற்றியபோது, அவர்களில் சுமார் 30 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டார்கள் என்பதையே நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். மருந்தையோ அளவையோ மாற்றாமல், அது உடலுக்குள் செல்லும் வழியை மட்டும் மாற்றியதால் கிடைத்த பலன் அது. இக்குழுவில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஊசிக்கு மாறினால் குமட்டல் நின்றுவிடுமா?

பலருக்குக் குறைகிறது, எல்லோருக்கும் நிற்பதில்லை. மாத்திரை நேரடியாக வயிற்றிலும் குடலிலும் ஏற்படுத்தும் தொல்லை ஊசியால் தவிர்க்கப்படுகிறது. ஆனால் இரத்தத்தின் வழியாக மூளையைச் சென்றடையும் மருந்தும் குமட்டலைத் தூண்டக்கூடும்; அந்தப் பகுதி ஊசியிலும் நீடிக்கலாம். மேலே சொன்ன ஆய்விலும் பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை இரு குழுக்களுக்கிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டை நீண்ட காலம் எடுத்தவர்களில் சிலருக்கு அந்த மஞ்சள் நிற மாத்திரையைப் பார்த்தாலே, மருந்து நாள் நெருங்குகிறது என்று நினைத்தாலே, வயிற்றைப் புரட்டத் தொடங்கிவிடும். வீட்டில் உள்ளவர்கள் அதை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. அது மனப்பிரமை அல்ல. மீண்டும் மீண்டும் பட்ட துன்பத்தை உடல் நினைவில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே வெளிப்படுத்தும் எதிர்வினை அது. இந்த நிலை ஆழமாகப் பதிவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் பதிந்த பிறகு ஊசிக்கு மாறினாலும் ஊசியின் மஞ்சள் நிறத் திரவமே குமட்டலைத் தூண்டலாம். குமட்டலைத் தடுக்கும் மருந்து, ஃபோலிக் அமிலத்தின் அளவை உயர்த்துவது, இரவில் படுக்கும் முன் மருந்தை எடுப்பது ஆகியவை சிலருக்குக் கைகொடுக்கின்றன.

எவ்வளவு காலம் மாத்திரையில் பொறுத்திருந்து பார்க்கலாம்?

முடக்குவாத நிபுணர்கள் பின்பற்றும் நெறி தெளிவானது: சிகிச்சை தொடங்கி 3 மாதங்களில் கணிசமான முன்னேற்றம் தெரிய வேண்டும், 6 மாதங்களுக்குள் நோய் அடங்கிய நிலையையோ, மிகக் குறைந்த அளவே செயல்படும் நிலையையோ எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும். 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, இரத்தத்தின் அழற்சி அளவையும் சேர்த்துக் கணக்கிடும் DAS28 என்ற மதிப்பெண் 2.6-க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியதாகக் கொள்கிறார்கள். உங்கள் மதிப்பெண் என்னவென்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்து வையுங்கள். மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்ற பேச்சு வரும்போது “பரவாயில்லை”, “கொஞ்சம் தேவலை” என்ற சொற்களைவிட அந்த எண் பெரிதும் உதவும்.

வலியைத் தாங்கிக்கொள்ள முடிகிறது என்பது காத்திருப்பதற்குப் போதிய காரணம் ஆகாது. வலி நிவாரணி மாத்திரையோ ஸ்டீராய்டோ வலியைக் குறைத்திருக்கலாம். அடியில் அழற்சி தொடர்ந்தால் எலும்பு அரிப்பும் தொடரும். அரித்துப்போன எலும்பை எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை.

மாறும் வாரத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. அதைத் தவறுதலாக நாள்தோறும் எடுத்தவர்களுக்கு இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மச்சை செயலிழந்து, வாயும் குடலும் புண்ணாகி, உயிரிழப்பு வரை நேர்ந்திருக்கிறது. மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறும் நேரத்தில் இந்த ஆபத்து புதிய உருவத்தில் வருகிறது: ஊசி தொடங்கிய பிறகும் பழைய மாத்திரையை நிறுத்தாமல் இரண்டையும் எடுத்துக்கொள்வது. புதிய சீட்டில் ஊசி எழுதப்பட்டிருக்கும். பழைய சீட்டின்படி வாங்கிய மாத்திரை வீட்டில் மீதி இருக்கும். மருந்தை எடுத்துத் தருபவர் வேறொருவராக இருப்பார். தவறு நிகழ இவ்வளவே போதும்.

எனவே ஊசி எழுதித் தரும் அன்றே, மாத்திரையை முழுவதுமாக நிறுத்த வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட் ஊசிக்கு மாறும்போது பொதுவாக மெத்தோட்ரெக்சேட் மாத்திரை நிற்கும்; ஃபோலிக் அமிலமும், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பாசலசின் போன்ற பிற மாத்திரைகளும் தொடரும். மீதமுள்ள மெத்தோட்ரெக்சேட் மாத்திரைகளை மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். கடைசியாக மாத்திரை எடுத்த நாளிலிருந்து ஒரு வாரம் கழித்து, வழக்கமான அதே கிழமையில் முதல் ஊசியைப் போட்டுக்கொள்வதே வழக்கம். அந்தக் கிழமையின் பெயரை மருந்து அட்டையின் மேல் எழுதி வையுங்கள்.

ஊசியின் அளவை மில்லிலிட்டரில் படிக்கிறோமா, மில்லிகிராமில் படிக்கிறோமா என்பதிலும் கவனம் தேவை. மருந்து நிரப்பி வரும் சிரிஞ்சிலும் பேனா ஊசியிலும் ஒருமுறைக்கான அளவு மட்டுமே இருப்பதால் இந்தக் குழப்பம் குறைவு. குப்பியிலிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தால், அதை முதலில் செவிலியர் முன்னிலையில் செய்து காட்டி உறுதி செய்துகொள்வது அவசியம்.

நானே போட்டுக்கொள்ள முடியுமா? வலிக்குமா?

முடியும், பெரும்பாலோர் ஓரிரு முறை செவிலியரிடம் பயிற்சி பெற்ற பிறகு வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார்கள். தோலுக்கடியில் போடும் ஊசி தசைக்குள் போடும் ஊசியைவிட மெல்லியது, குட்டையானது. தொப்புளைச் சுற்றி ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளிய வயிற்றுப் பகுதியும் தொடையின் முன்பக்கமும் இதற்கு ஏற்ற இடங்கள். ஒவ்வொரு வாரமும் இடத்தை மாற்றிப் போட வேண்டும். தழும்பு, காயம், சிவந்த தோல், சொரியாசிஸ் திட்டு ஆகியவற்றின் மேல் போடக்கூடாது. போட்ட பிறகு அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம். பஞ்சை வைத்து மெதுவாக அழுத்தினால் போதும்.

மெத்தோட்ரெக்சேட் ஊசியில் வலி பொதுவாகக் குறைவு. சில உயிரியல் மருந்துகள் உள்ளே செல்லும்போது எரிச்சல் தரும். குளிர்ச்சியாக இருக்கும்போது அந்த எரிச்சல் கூடும். ஆகவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, அந்த மருந்துக்குரிய குறிப்பில் சொல்லியபடி 15 முதல் 30 நிமிடங்கள் வெளியே வைத்திருந்து போடுங்கள். வெந்நீரில் வைத்தோ மின்னடுப்பில் வைத்தோ சூடாக்கக் கூடாது.

விரல்கள் வளைந்துவிட்டன, பிடிமானம் இல்லை. எப்படிப் போடுவது?

முடக்குவாதம் கைகளைப் பாதிக்கும் நோய் என்பதை அறிந்தே பேனா ஊசிகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் பொத்தானை அழுத்த வேண்டும்; சிலவற்றைத் தோலின் மேல் வைத்து அழுத்தினாலே மருந்து செல்லும். மூடியைக் கழற்றுவதுதான் பலருக்குக் கடினமான கட்டம். மருந்தை எழுதித் தரும் முன், மருந்தில்லாத மாதிரிப் பேனாவைக் கையில் வாங்கி, காலை நேர விறைப்பு இருக்கும்போதும் அதைக் கையாள முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி தரச் சொல்லலாம். கர்ப்பமாக இருப்பவரோ கருத்தரிக்கத் திட்டமிடுபவரோ மெத்தோட்ரெக்சேட்டைக் கையாளக் கூடாது என்பதால், போட்டுவிடப்போகிறவர் யார் என்பதை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

ஃபோலிக் அமிலம் இன்னும் தேவையா?

ஆம். வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் நொதிகள் உயர்வது ஆகியவற்றைக் குறைப்பதற்காகவே அது தரப்படுகிறது. மருந்து எந்த வழியாகச் சென்றாலும் அந்தத் தேவை மாறுவதில்லை. வாரம் ஒருமுறை 5 மில்லிகிராம் எழுதித் தருவதும் உண்டு, நாள்தோறும் 1 மில்லிகிராம் எழுதித் தருவதும் உண்டு. மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் நாளில் அதைத் தவிர்க்கப் பல மருத்துவர்கள் சொல்வார்கள். இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாக இருக்கக்கூடும் என்பதால், மாத்திரையில் இருக்கும் காலம் வரை ஒன்றையொன்று மாற்றி எடுத்துவிடாமல் இருக்க வேண்டும்.

எப்போது பலன் தெரியும்?

மெத்தோட்ரெக்சேட் செல்களுக்குள் சேர்ந்து மெல்ல மெல்ல வேலை செய்யும் மருந்து. ஊசிக்கு மாறிய பிறகும் 6 முதல் 12 வாரங்கள் வரை பொறுத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். உயிரியல் மருந்துகளில் சிலருக்கு இரண்டு வாரங்களிலேயே காலை விறைப்பு குறைவது தெரியும்.

இரத்தப் பரிசோதனை தொடர வேண்டுமா?

தொடர வேண்டும். மாறிய தொடக்கத்தில் அது கூடுதலாகத் தேவைப்படலாம், ஏனெனில் அதே அளவு எழுதப்பட்டிருந்தாலும் உடலுக்குள் சேரும் மருந்து முன்பைவிட அதிகம். இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் ஆகிய மூன்றும் பார்க்கப்படும். தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும், அளவு நிலைபெற்ற பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகத்தின் வழியாகவே பெரும்பாலும் வெளியேறுவதால், மூன்றில் கிரியேட்டினினை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்?

புதிதாகத் தோன்றும் வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் முதலில் கவனிக்க வேண்டியவை. மெத்தோட்ரெக்சேட் அரிதாக நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். அந்த நிலையில் மருந்தைத் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வாய் முழுவதும் புண், தொண்டை வலியோடு காய்ச்சல், காரணமின்றித் தோலில் கன்றிப்போதல், ஈறில் இரத்தம் கசிதல் ஆகியவை இரத்த அணுக்கள் குறைவதன் அடையாளமாக இருக்கலாம். கண் மஞ்சளாவதும் சிறுநீர் அடர்நிறமாவதும் கல்லீரலைக் குறிக்கும். கடுமையான வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டு உடலில் நீர் வற்றியிருந்தால் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டை எடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரகம் தற்காலிகமாகத் தளர்ந்தாலும் மருந்து உடலில் தேங்கிவிடும்.

வேறு நோய்க்காக வேறு மருத்துவரிடம் செல்லும்போது மெத்தோட்ரெக்சேட் எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குச் சாதாரணமாகத் தரப்படும் டிரைமெத்தோபிரிமும், அது கலந்த கோ-டிரைமாக்சசோலும் மெத்தோட்ரெக்சேட்டோடு சேரும்போது எலும்பு மச்சையைக் கடுமையாகத் தாக்கக்கூடும். “மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா?” என்ற கேள்விக்கு, ஊசிக்கு மாறியவர் “இல்லை” என்று பதில் சொல்லிவிடுவது இயல்பு. சிரமம் அங்கேதான் தொடங்குகிறது.

உயிரியல் மருந்துகள் ஏன் மாத்திரையாக வருவதில்லை?

அவை புரதங்கள். விழுங்கினால் இறைச்சியையோ பருப்பையோ செரிப்பதுபோல் வயிறு அவற்றையும் செரித்துவிடும். ஆகவே தோலுக்கடியிலோ சிரை வழியாகவோதான் தர முடியும். எட்டனர்செப்ட் வாரம் 50 மில்லிகிராம், அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம், கோலிமுமாப் மாதம் 50 மில்லிகிராம் என்று மருந்துக்கு மருந்து இடைவெளி மாறும். ரிட்டுக்சிமாப் மருத்துவமனையில் சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுவது.

இவை அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறையோ செல்லையோ குறிவைத்துத் தடுக்கின்றன. அப்படித் தடுக்கும்போது உடலின் காவலும் ஓரளவு தளர்கிறது. டி.என்.எஃப். எனப்படும் மூலக்கூறைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்தவர்களுக்கு, உடலில் உறங்கிக்கிடந்த காசநோய் விழித்தெழுவது 2001-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதனால்தான் முதல் ஊசிக்கு முன் தோல் பரிசோதனையோ சிறப்பு இரத்தப் பரிசோதனையோ செய்து மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மறைந்திருக்கும் காசநோய் தெரிந்தால் அதற்கான சிகிச்சையைத் தொடங்கி, குறைந்தது ஒரு மாதமாவது கழித்தே உயிரியல் மருந்தைத் தருவது வழக்கம். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் உண்டு. இவற்றை வீண் அலைச்சல் என்று எண்ணித் தவிர்க்காதீர்கள்.

உயிரியல் ஊசி தொடங்கிய பிறகு மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிடலாமா?

நீங்களாக விடக்கூடாது. பல உயிரியல் மருந்துகள் மெத்தோட்ரெக்சேட்டோடு சேரும்போதே கூடுதல் பலன் தருகின்றன. உயிரியல் மருந்தை அந்நியப் பொருளாகக் கருதி உடல் அதற்கெதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்கக்கூடும். அவை உருவானால் நன்றாக வேலை செய்துவந்த ஊசி சில மாதங்களில் பலனிழக்கும். மெத்தோட்ரெக்சேட் அந்த எதிர்ப்பொருள் உருவாவதைக் குறைக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டை உடல் அறவே தாங்காதவர்களுக்கு, தனியாகவே நன்கு செயல்படும் டோசிலிசுமாப் போன்றவற்றை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம்.

புதிய வகை மாத்திரைகளும் இருக்கின்றனவே, ஊசிதான் வேண்டுமா?

மாத்திரை, அதற்கு மேல் ஊசி என்ற படிக்கட்டு உண்மையில் இல்லை என்பதற்கு இதுவே சான்று. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபாசிட்டினிப்பும், அதே வகையில் பின்னர் வந்தவையும் மாத்திரைகளே. உயிரியல் ஊசிகளுக்கு இணையான ஆற்றல் உள்ளவை. ஆனால் 50 வயதைக் கடந்து, இதயநோய்க்கான ஆபத்துக் காரணி குறைந்தது ஒன்றாவது உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளைவிட டோஃபாசிட்டினிப் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கான எச்சரிக்கையை வலுப்படுத்தியது. புகைப்பிடிப்பவர், முன்பு இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டவர், வயதில் மூத்தவர் ஆகியோருக்கு, ஊசியைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் இந்த மாத்திரையைத் தேர்வது சரியான காரணம் ஆகாது.

மெத்தோட்ரெக்சேட், சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தரும் முறையும் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டோடு எட்டனர்செப்ட் ஊசியைச் சேர்ப்பதற்கு இது குறைந்ததல்ல என்று 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. உயிரியல் மருந்து கிடைக்காதவர்களும் அதன் செலவைத் தாங்க இயலாதவர்களும் இந்த முறையைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

குழந்தை பெறத் திட்டமிடுகிறோம். என்ன செய்வது?

மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும். பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கும். மாத்திரையானாலும் ஊசியானாலும் இது ஒன்றே. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும்: மருத்துவ நெறிகள் ஒன்று முதல் மூன்று மாத இடைவெளியைக் கூறுகின்றன, சில நாடுகளின் மருந்துக் குறிப்புகள் ஆறு மாதம் என்கின்றன. அதுவரை நம்பகமான கருத்தடை தேவை. பாலூட்டும்போதும் எடுக்கக் கூடாது. எதிர்பாராமல் கருத்தரித்தால் மருந்தை உடனே நிறுத்தி, அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் நோயைக் கட்டுக்குள் வைக்க வேறு வழிகள் உள்ளன. உயிரியல் மருந்துகளில் செர்டோலிசுமாப் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடைவது மிகமிகக் குறைவு. ஆண்களைப் பொறுத்தவரை மருத்துவ நெறிகளும் மருந்துக் குறிப்புகளும் ஒன்றுபோல் இல்லை என்பதால் அவர்களும் கேட்டுத் தெளிய வேண்டும்.

தடுப்பூசி போடலாமா?

உயிரற்ற தடுப்பூசிகளைப் போடலாம், போடவும் வேண்டும். ஃபுளூ தடுப்பூசிக்குப் பிறகு நோய் கட்டுக்குள் இருந்தால் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவைக்க மருத்துவர் சொல்லலாம். அப்போது தடுப்பூசியின் பலன் கூடும். உயிருள்ள நுண்ணுயிர் கலந்த தடுப்பூசிகளை உயிரியல் மருந்து எடுக்கும்போது தவிர்க்க வேண்டும். தேவையானவற்றை முன்பே போட்டு முடிப்பது நல்லது.

காய்ச்சல் இருக்கும்போது, அல்லது அறுவை சிகிச்சைக்கு முன் ஊசி போடலாமா?

நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும் அளவுக்குத் தொற்று இருந்தால், அது தீரும்வரை உயிரியல் ஊசியைத் தள்ளிவைப்பதே பொது நெறி. மெத்தோட்ரெக்சேட்டையும் கடும் தொற்றின்போது நிறுத்திவைப்பார்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு மெத்தோட்ரெக்சேட்டைப் பொதுவாக நிறுத்துவதில்லை. உயிரியல் மருந்துக்கு மட்டும், அடுத்த ஊசி போட வேண்டிய நேரத்தில் அறுவை சிகிச்சை அமையும்படி திட்டமிடுகிறார்கள்.

ஊசி மருந்தை எப்படி வைத்திருப்பது? பயன்படுத்திய பிறகு?

மெத்தோட்ரெக்சேட் ஊசியை வெளிச்சம் படாமல் அறை வெப்பத்தில் வைத்தால் போதும். உயிரியல் மருந்துகளுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். உறைந்துபோன மருந்தை உருகவைத்துப் பயன்படுத்தக் கூடாது. பயணத்தில் மருத்துவரின் கடிதத்தோடு கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். விமானத்தின் சரக்குப் பகுதியில் செல்லும் பெட்டியில் வைக்க வேண்டாம். பயன்படுத்திய ஊசியைத் துளைக்க முடியாத பெட்டியில் போட்டு, மருத்துவமனையோ மருந்தகமோ சொல்லும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். மூடியைத் திரும்ப மாட்ட முயலாதீர்கள்.

ஒரு வாரம் மறந்துவிட்டால்?

மெத்தோட்ரெக்சேட்டைக் குறித்த நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் நினைவுக்கு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வாரம் பழைய கிழமைக்கே திரும்புங்கள். இரண்டு நாள் கடந்துவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். ஒருபோதும் இரண்டு வார அளவைச் சேர்த்துப் போடாதீர்கள்.

வாழ்நாள் முழுவதும் ஊசிதானா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. நோய் அடங்கிய நிலை குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து நீடித்து, ஸ்டீராய்டும் நிறுத்தப்பட்டிருந்தால், உயிரியல் மருந்துகளின் அளவைக் குறைப்பது அல்லது இடைவெளியை நீட்டுவது பற்றிப் பேசலாம். முழுவதுமாக நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது என்பதால், படிப்படியாகக் குறைப்பதே இப்போதைய வழக்கம். மீண்டும் தலைதூக்கினால், முன்பு எடுத்த அதே மருந்தைத் திரும்பத் தொடங்கும்போது பெரும்பாலோருக்கு நோய் மறுபடியும் அடங்குகிறது. மெத்தோட்ரெக்சேட்டைப் பொறுத்தவரை, ஊசியில் நோய் அடங்கி, தேவைப்படும் அளவும் 15 மில்லிகிராமுக்குக் கீழே வந்துவிட்டால், மாத்திரைக்குத் திரும்ப முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முன்பு குமட்டலுக்காக மாறியவராக இருந்தால், அதை மருத்துவருக்கு நினைவுபடுத்திவிட்டுக் கேளுங்கள்.